அருளப்பன் வந்த வழி

அருளப்பன் என்று ஒருவர் பெயரைச் சொன்னால், அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கத்தோலிக்கர் என்று பெயரிலேயே தெரிந்துவிடும். இத்தனைக்கும் அந்தப் பெயரில் சிலுவையும் இல்லை, போர்த்துகீசிய வாடையும் இல்லை. அருள் தமிழ், அப்பன் தமிழ். இரண்டும் சைவர்களின் நாவில் நூற்றாண்டுக் கணக்காகப் புழங்கிய சொற்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் திருப்புலிவனத்தில் இறங்கி, வியாக்கிரபுரீசுவரர் கோயிலில் இந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனைத் தட்டை நீட்டினால், குருக்களுக்கு ஆள் யார் என்பதில் ஐயம் வரலாம். பெயரின் பொருளில் ஒரு குற்றமும் காண முடியாது. சிவனுக்கே வைக்கத் தகுந்த பெயர் அது.

ஆனால் அது தமிழில் பிறந்த பெயர் அல்ல. எபிரேயத்தில் அது யோகனான். அது பெயர் மட்டுமல்ல, ஒரு முழு வாக்கியம். முன்பாதி கடவுளின் பெயர்ச் சுருக்கம். பின்பாதி ஒரு வினைமுற்று. இரண்டும் சேர்ந்தால் ‘கடவுள் அருள்புரிந்திருக்கிறார்’. கிரேக்கர் அதை யோவன்னேஸ் ஆக்கினார்கள். லத்தீனில் யோஹன்னெஸ், இத்தாலியில் ஜோவான்னி, ஸ்பெயினில் ஹுவான், ரஷ்யாவில் இவான், வேல்சில் ஏவன், அயர்லாந்தில் ஷான், இங்கிலாந்தில் ஜான். சிரியாக் மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்தபோது யோஹன்னான். மலையாளி வாயில் அது தேய்ந்து உலஹன்னான் என்றும் ஆனது. தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் யோவான் என்று வைத்துக்கொண்டார்கள். இவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டது ஒலியை. தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து தொடங்கிய மறைப்பணியின் மரபில் இது ஒரு வழக்கமாகவே இருந்தது. பவுல் என்றால் லத்தீனில் சிறியவன், ஆகவே சின்னப்பர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் ‘பெருகச் செய்வார்’ என்ற பொருள் இருக்கிறது; ஆகவே வளன், வளனார். பேதுருவை இராயப்பர் என்றார்கள். தெலுங்கில் ராயி என்றால் கல், பேதுருவும் கிரேக்கத்தில் கல்தான் என்று அதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, காவியுடுத்துத் தமிழ்நாட்டுக்குள் நடந்தபோது அருளானந்தர் ஆனார். தம் திருமுழுக்குப் பெயரை அவர் உதறவில்லை, பொருள் கெடாமல் தமிழுக்கு மாற்றிக்கொண்டார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டபோது அந்தப் பெயரோடுதான் இறந்தார். இன்றும் ஓரியூருக்குப் போகிறவர்கள் அருளானந்தரிடம் போவதாகத்தான் சொல்கிறார்கள். பிரிட்டோ என்பது பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகைக்கு.

பொருளை எடுத்ததில் கொஞ்சம் சேதாரமும் உண்டு. எபிரேயத்தில் வாக்கியமாக இருந்தது தமிழில் வெறும் பெயராகச் சுருங்கியது. யோகனானில் அருளுகிறவர் கடவுள். அருளப்பனில் கடவுள் காணாமல் போய், அப்பன் வந்து உட்கார்ந்துகொண்டான். அதைவிட முக்கியமானது, காலம் போயிற்று. எபிரேயப் பெயரில் அருளல் நடந்து முடிந்த செயல். இனிமேல் அருளுவார் என்று அதில் இல்லை. இன்னது செய்தால் அருளுவார் என்றும் இல்லை. பிள்ளை பிறக்கும் முன்பே, பெயர் வைக்கும் முன்பே, காரியம் முடிந்துவிட்டது என்கிறது அந்த வினைமுற்று. கிறித்தவத்தின் நீண்ட வழக்கு ஒன்றின் தீர்ப்பு இந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வழக்கு இதுதான்: மீட்புக்கு மனிதன் கிறிஸ்துவிடம் சரணடைந்தே ஆக வேண்டுமா, கடவுளின் அருள் ஒன்றே போதுமா? சரணடைந்தால்தான் என்றால், சரணடைதல் நாம் கொடுக்கும் விலையாகிவிடுகிறது. இலவசம் என்று சொன்னது பொய்யாகிறது. அருளே போதும் என்றால், ஞாயிற்றுக்கிழமை ‘ஆமென்’ சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வட்டிக்கணக்கில் ஊரை ஏமாற்றுகிறவனும் மீட்கப்பட்டவன்தானா என்ற கேள்வி வருகிறது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அதனால்தான் வழக்கு தீரவில்லை.

அருள் என்ற சொல்லின் குணம் என்ன? திருக்குறளில் அன்புடைமைக்குத் தனி அதிகாரம், அருளுடைமைக்குத் தனி அதிகாரம். தொடர்புடையவர் மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர் மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் கோடு போட்டுப் பிரிப்பார். அதாவது வாங்குகிறவன் யார் என்று பார்த்தால் அது அருள் இல்லை. இலக்கணத்திலும் சொல்லுக்கு ஒரு திசை உண்டு. எழுந்தருளினார், தந்தருளினார், செய்தருளினார் என்று துணைவினையாக வரும்போது அது மேலிருந்து கீழே மட்டுமே வரும். அரசன் குடிக்கு அருளுவான், ஆண்டவன் அடியானுக்கு அருளுவான். குடிமகன் அரசனுக்கு எதையும் தந்தருள முடியாது. கிராமத்துப் பேச்சில் இன்னும் தெளிவு. ஆடி மாதம் உடுக்கை அடிக்கும்போது ஒருவருக்கு அருள் ‘வருகிறது’. யாரும் அருளை எடுத்துக்கொள்வதோ சம்பாதிப்பதோ இல்லை. வேண்டாம் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மேலும் வரும். தினமும் விரதம் இருந்தவரைத் தாண்டிப் பக்கத்தில் வேடிக்கை பார்த்தவர் மேலும் வரும்.

திருப்புலிவனத்தின் பெயரிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. புலிக்கால் முனிவர், வடமொழியில் வியாக்கிரபாதர், வழிபட்ட வனம் என்பது தலக்கதை. வண்டு தொடாத பூவைப் பொழுது விடியுமுன் பறித்துச் சிவனுக்குச் சார்த்த வேண்டும் என்பது அவர் ஆசை. இருட்டில் மரம் ஏற முடியவில்லை, வழுக்குகிறது. புலியின் காலும் கண்ணும் கேட்டார், கிடைத்தது. இப்போது சொல்லுங்கள்: அவர் பூசை செய்ததால் அருள் கிடைத்ததா, அருள் கிடைத்ததால் பூசை செய்ய முடிந்ததா? பூப்பறிக்கும் காலே கொடுக்கப்பட்ட கால் என்றால், பறித்த பூவில் அவருடைய பங்கு எவ்வளவு? ஊர்ப் பெயர் இதற்குப் பதில் சொல்வதில்லை. சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர் தந்தவரும் இதே முனிவர்தான். அங்கும் யாரும் இதைக் கேட்டுத் தீர்த்துவிடவில்லை. (தெற்கே திண்டிவனமும் ஒரு வனம்தான், திந்திரிணி என்னும் புளிமரக் காடு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஒரு வனம் புலி, ஒரு வனம் புளி. கேட்பவர் காதுதான் கவனமாக இருக்க வேண்டும்.)

தமிழ்க் கிறித்தவம் அருளை உடனே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பெயரில் தாராளமாக வைத்த சொல்லை மறைக்கல்வியில் வைக்கத் தயங்கியது போலத் தெரிகிறது. பழைய கத்தோலிக்க ஜெபத்தில் மரியாளை வாழ்த்தும் இடத்தில் வரும் சொல் ‘பிரியதத்தம்’. இன்றும் சில வீடுகளில் பாட்டிமார் அந்த ஜெபத்தை அப்படியேதான் சொல்கிறார்கள். பேத்திகள் சொல்லும் புதிய ஜெபத்தில் அங்கே அருள் வந்துவிட்டது. பழைய ஞான உபதேச நூல்களில் தேவ இஷ்டப்பிரசாதம், வரப்பிரசாதம் என்ற சொற்கள். இவற்றில் வரப்பிரசாதம் மட்டும் கோயிலை விட்டு வெளியேறி நாட்டுப் பொதுச் சொல்லாகிவிட்டது. மேட்டூர் அணை டெல்டாவுக்கு வரப்பிரசாதம் என்று எழுதுகிற நிருபருக்கு அதன் இறையியல் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிரியதத்தம் எனக்குப் பிடித்த சொல். வழக்கொழிந்து போனதில் வருத்தம் உண்டு. பிரியத்தினால் தத்தம் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். தத்தம் என்றால் உரிமையை முழுதாக விட்டுக் கொடுப்பது. தத்துப்பிள்ளை என்பதில் இருப்பதும் அதே தத்தம்; கடவுள் மனிதரைப் பிள்ளைகளாகத் தத்தெடுக்கிறார் என்று பவுல் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான உறவுச் சொல் கிடைக்காது. சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தானத்துக்கு இலக்கணம் சொல்கிறது: பிரதிபலன் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் அது கிரயம். ஆனால் பெறுகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏற்காவிட்டால் தானம் செல்லாது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஏற்பது விலை ஆகாது. ஏற்காமல் பொருள் கைக்கு வரவும் வராது. லத்தீனிலும் ஜெர்மனிலும் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அடித்துக்கொண்ட ஒரு புள்ளி இந்தப் பிரிவில் சில வரிகளில் அடங்கிவிடுகிறது.

சீர்திருத்தச் சபையார் கையில் நிலைத்த சொல் கிருபை. அவர்களுடைய பைபிள் தமிழில் அருள் ஆங்காங்கே வந்தாலும் இறையியல் சுமையைச் சுமப்பது கிருபைதான். அதுவும் காஞ்சிக்காரர்களுக்குப் புதிய சொல் அல்ல. வைணவ ஆசாரியர்களின் மணிப்பிரவாளத்தில் ‘நிர்ஹேதுக கிருபை’ என்று ஒரு தொடர் உண்டு: காரணம் இல்லாத கிருபை. வைணவத்தில் வடகலையும் தென்கலையும் பிரிந்த முக்கியப் புள்ளிகளில் ஒன்று அந்தக் ‘காரணம் இல்லாத’ என்ற அடைமொழி. கோயில் யானையின் நெற்றியில் இடும் நாமத்தின் வடிவத்துக்காக நீதிமன்றப் படியேறிய ஊர் காஞ்சிபுரம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நாமச் சண்டைக்கு அடியில் இருந்த கேள்வி, மேலே சொன்ன கிறித்தவ வழக்கின் அதே கேள்வி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். முன்னது வடகலை, பின்னது தென்கலை என்று பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி முடித்துவிடுவார்கள். வேதாந்த தேசிகரைக் குரங்குக் கட்சித் தலைவராக்கியது அவருக்குச் செய்த அநியாயம். 1268இல் காஞ்சியின் தூப்புலில் பிறந்த அந்த மனிதர், சரணாகதியால் மோட்சத்தை விலைக்கு வாங்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. சரணாகதி ஒரு வியாஜம் என்றார். வியாஜம் என்றால் சாக்கு. கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒருவர், எல்லாருக்கும் பொதுவான நீதிமான் என்ற பெயரும் கெடாமல் இருக்க, ஒரு சாக்கை எதிர்பார்க்கிறார். நம் சரணாகதி அந்தச் சாக்கு. மறுபக்கம் பிள்ளை உலகாசிரியர், அந்தச் சாக்கையும் நாம் செய்த உபாயமாக எண்ணக் கூடாது என்றார். உபாயம் அவன் ஒருவனே. நம் பக்கம் வேண்டியது ஒன்றுதான், விலக்காமை. வருகிறதைத் தள்ளாமல் இருந்தால் போதும்.

சாக்கு என்கிறார் ஒருவர், தள்ளாமை என்கிறார் மற்றவர். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது? இருவர் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யானை நெற்றியில் தீட்டிய கோட்டின் அகலம்தான் தெரிகிறது.

சரணாகதிக்கு ஆறு அங்கங்கள் சொல்வார்கள். அவற்றில் ஒன்று மகாவிசுவாசம். ‘ரட்சிப்பான்’ என்ற உறுதி. தமிழ்ப் பைபிளைத் திறந்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் பரிச்சயம்: விசுவாசம், இரட்சிப்பு. இன்னொரு அங்கம் ஆத்மநிட்சேபம். நிட்சேபம் என்றால் ஒப்படைத்து வைத்தல், அடைக்கலப் பொருளாக வைத்தல். கிறித்தவர்கள் சரணாகதி என்ற சொல்லைப் பெரும்பாலும் தொடவில்லை. அவர்கள் சொல்வது ‘ஒப்புக்கொடுத்தல்’. நற்செய்திக் கூட்டங்களில், “இன்றைக்கு உங்களை ஒப்புக்கொடுங்க, நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க” என்று ஒலிபெருக்கியில் கேட்காத ஊர் வடதமிழ்நாட்டில் குறைவு. கத்தோலிக்கர் திருப்பலியையும் ‘ஒப்புக்கொடுக்கிறார்கள்’. ஆக, நிட்சேபமும் ஒப்புக்கொடுத்தலும் ஏறத்தாழ ஒரே செயல். ஆனால் நிட்சேபத்தில் ஒரு விவரம் கூடுதலாக உண்டு. தேசிகரின் கணக்கில் ஆத்மா முதலிலிருந்தே இறைவனின் சொத்து. நாம் நம்முடையதைக் கொடுப்பதில்லை, அவருடையதைத் திருப்பி வைக்கிறோம். திருப்பி வைத்ததற்கு ரசீது கேட்கலாம். கூலி கேட்க முடியாது. ஒலிபெருக்கி இந்தப் பாதியைச் சொல்வதில்லை. அதனால் கேட்கிறவர், தன்னிடம் இருக்கும் ஒன்றைப் போட்டு மோட்சத்தை எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

இதே பொருளில் இன்னொரு நல்ல தமிழ்ச் சொல், அடைக்கலம். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அங்கே அடைக்கல மாதாவை நிறுவினார். அதிலிருந்து அடைக்கலராசு, அடைக்கலமேரி என்று பெயர்கள் பெருகின. ஒப்புக்கொடு என்பதில் கொடுக்கிறவன் நான். அடைக்கலத்தில் காக்கிறவர் அவர். ஒரே குடும்பத்தில் அண்ணன் அருளப்பன், தம்பி அடைக்கலம் என்று வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எது முதலில் என்ற வழக்கு அந்த வீட்டில் வயசுப்படி தீர்ந்துவிட்டது.

வைணவத்திலிருந்து நேராக இந்தப் பக்கம் வந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வைணவ வேளாளர்; 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவியது. கம்பனில் ஊறிய நாவால் சரணமும் கிருபையும் அவர் பாடும்போது அவை புதிய சரக்காகத் தோன்றுவதில்லை. மதம் மாறினார், சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு அவ்வளவாக ஏற்படவில்லை.

பனியன் பெயரைக் கவனித்தீர்களா? ஜான். இந்த வழக்கில் வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாருமே பெரும்பாலும் அருளப்பர்கள்தான் என்பது வேடிக்கை. பணம் வாங்கிக்கொண்டு பாவப்பரிகாரச் சீட்டு விற்று, 1517இல் மார்ட்டின் லூதரைக் கொதிக்க வைத்த துறவி யோகான் டெட்செல். அருளை எண்ணி விற்றவர் பெயரே அருளப்பன். தேர்ந்தெடுப்பதும் மீட்பதும் முற்றிலும் கடவுள் செயல், மனிதன் விரலைக்கூட அசைப்பதில்லை என்று கண்டிப்பாகச் சொன்னவர் ஜான் கால்வின். அப்படியானால் அருள் சிலருக்கு மட்டும்தானா என்று கோபப்பட்டு, 1739இல் பிரிஸ்டலில் ‘இலவச அருள்’ என்று பிரசங்கம் செய்தவர் ஜான் வெஸ்லி. 1988இல் அமெரிக்காவில், கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்றுக் கீழ்ப்படியாதவனுக்கு அவர் மீட்பராகவும் இருக்க மாட்டார் என்று எழுதிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியவர் ஜான் மெக்கார்தர். அடுத்த ஆண்டே, நிபந்தனை வைத்தால் அது அருளே இல்லை என்று ஸேன் ஹாட்ஜஸ் மறுப்பு நூல் எழுதினார். தமிழ்ப் பைபிளுக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்த பப்ரிசியுசின் முதல் பெயரும் யோகான். காஞ்சிபுரத்துக்கே வந்து 1839இல் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன். அவர் கால்வினின் வழிவந்த சபைக்காரர். தூப்புலும் வரதராசரும் இருக்கும் ஊரில் ஆண்டர்சன் பள்ளி இன்றும் நடக்கிறது. பூனைக்குட்டிக் கட்சியோடு ஒத்துப்போகக்கூடிய ஐரோப்பியர் ஒருவர், விவரம் தெரியாமல் தேசிகரின் ஊரில் கடை விரித்ததாக நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இரண்டு முறை அருளப்பனான ஒருவரும் தமிழில் உண்டு. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1810இல் பிறந்தவர். முன்னும் பின்னும் ஒரே பெயர், நடுவில் கிறித்தவன். மிஷன் சம்பளம் வேண்டாம், கடவுள் அனுப்புவதை வைத்துப் பிழைக்கலாம் என்று அந்தோணி நாரிஸ் குரோவ்ஸிடம் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போதித்தவர். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலோடு அவர் பெயர் சேர்த்துப் பேசப்படுகிறது. மக்கள் பாவத்தை நினைத்துக் கதறினார்கள், பிறகு மகிழ்ச்சியில் ஆடினார்கள். முதலில் அழுகை, பிறகு ஆனந்தம் என்பதால் அழுகையைச் சரணாகதியென்றும் ஆனந்தத்தை அதற்குக் கிடைத்த பலனென்றும் வரிசை போடத் தோன்றும். அழ வைத்தது எது என்று கேட்டால் வரிசை குலைந்துவிடும்.

யோகனான் என்ற பெயர் முதன்முதலில் வைக்கப்பட்ட கதைக்கு வருகிறேன். முதன்முதலில் என்றால், நமக்கு வேண்டிய யோகனானுக்கு. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம். சக்கரியா என்ற முதிய குருக்கள். குருகுலத்தில் பிறந்தவர், தகுதியில் குறை இல்லை. தகுதியுள்ள குருக்கள் பலர் இருந்ததால், கோயிலுக்குள் போய்த் தூபம் காட்டுவது யார் என்று சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சீட்டு அவர் பெயருக்கு விழுந்தது.

உத்திரமேரூர்க்காரருக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921, அங்கே சுவரிலேயே இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேத அறிவு. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கு. இத்தனை சல்லடையிலும் தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். தகுதி பார்ப்பது மனிதர் வேலை, எடுப்பது சிறுவன் கை. நாடே பெருமைப்படும் முறை. ஊராட்சிக்கு இதைவிட நல்ல வழி அன்று இருந்திருக்காது. மீட்பையும் நம்மில் பலர் இப்படித்தான் மனதுக்குள் வைத்திருக்கிறோம்: சரணடைதல் என்ற தகுதியைக் காட்டினால் நம் ஓலை குடத்துக்குள் போகும், அப்புறம் அவர் கை எடுக்கும்.

சக்கரியா கதையில் இந்த முறை கோயில் வாசல் வரைதான் செல்லுபடி. தகுதியும் சீட்டும் அவரை உள்ளே கொண்டுபோய் விட்டன. உள்ளே வானதூதர், உனக்கு மகன் பிறப்பான், யோவான் என்று பெயரிடு என்றார். சக்கரியா நம்பவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, மனைவிக்கும் வயதாகிவிட்டது, எதை வைத்து நம்புவது என்று கேட்டார். சரணாகதியின் மகாவிசுவாசம் என்ற அங்கத்திலேயே தோற்றார். வாய் கட்டுண்டது, பேச்சு நின்றது. ஆனால் மகன் பிறப்பது நிற்கவில்லை. நம்பாதவருக்குத்தான் ‘கடவுள் அருள்புரிந்திருக்கிறார்’ பிறந்தான்.

எட்டாம் நாள் பெயர் வைக்க உறவு கூடியது. அப்பா பெயரையே வைக்கலாம் என்றார்கள். தாய் எலிசபெத்து, இல்லை, யோவான் என்றாள். “நம்ம உறவுல அப்படி யாருக்கும் பேரு இல்லையே” என்று, எந்த ஊர் உறவினரும் சொல்வதைச் சொன்னார்கள். சக்கரியா எழுதுபலகை கேட்டு வாங்கி எழுதினார். இப்பெயரை வையுங்கள் என்று எழுதவில்லை. இவன் பெயர் யோவான் என்று, ஏற்கெனவே இருக்கிற ஒன்றை ஒத்துக்கொள்வதுபோல எழுதினார். உடனே வாய் திறந்தது.

ஒன்பது மாதம் கழித்து அவர் செய்த இந்தச் செயலைச் சரணாகதி என்றுதான் சொல்ல வேண்டும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளை பிறந்தாயிற்று. அவர் எழுதியதால் பிறக்கவில்லை, எழுத மறுத்திருந்தாலும் இல்லாமல் போயிருக்காது. ஆனால் எழுதாமல் அவருக்குப் பேச்சு வந்திருக்காது. அருள் வந்ததற்கு அவர் காரணம் இல்லை. வந்த அருளைச் சொல்லிக் கொண்டாட முடிந்ததற்கு அந்த ஒரு வரி காரணம். ஆகவே கூட்டங்களில் நின்று, நீ ஒப்புக்கொடுத்தால் கடவுள் இரங்குவார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாக்கியத்தில் காலத்தைத் தப்பாக வைக்கிறார்கள். ஒப்புக்கொடுக்க ஒன்றும் இல்லை, எல்லாம் நடந்துவிட்டது, சும்மா இரு என்கிறவர்களோடும் இல்லை. வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்க, தகப்பன் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பதை அவர்கள் மீட்பு என்கிறார்கள். 1999 அக்டோபர் 31ஆம் நாள் ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் வந்து நின்றது: ஏற்கப்படுவது அருளால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல, ஏற்கப்பட்டவரை அந்த அருளே நற்செயலுக்கு அழைக்கிறது. டெட்செலின் சீட்டுகளுக்கும் இதற்கும் நடுவே 482 ஆண்டுகள்.

சபைகள் கூடிக்கொண்டதில் தமிழுக்கு ஒரு லாபமும் ஒரு நட்டமும் வந்தன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளியான திருவிவிலியத்தில், கிருபை இருந்த இடங்களில் அருள் வந்தது, இரட்சிப்பு மீட்பானது, விசுவாசம் நம்பிக்கையானது. பவுலின் கடிதங்கள் முழுக்க இப்போது அருள் ஓடுகிறது. ஆனால் பொது மொழிபெயர்ப்பு என்றால் பெயர்களும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா? இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார். திண்டிவனத்தில் உருவான முந்தைய கத்தோலிக்கப் புதிய ஏற்பாட்டில் அருளப்பர் நற்செய்தி என்று இருந்தது, யோவான் நற்செய்தி ஆயிற்று. அருள் என்ற சொல்லுக்கு வேதப்புத்தகத்தில் முழு இடம் கிடைத்த அதே பதிப்பில் அருளப்பன் வெளியேறினான்.

அவனுக்கு இன்னொரு பெயரும் உண்டு. 1726இல் தேம்பாவணியை முடித்த வீரமாமுனிவர், அருளப்பன் என்பதை அப்படியே எடுக்காமல், சக்கரியாவின் மகனுக்குக் கருணையன் என்று பெயரிட்டார். தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அந்தக் காப்பியப் பகுதி பாடமாக வந்தபோது, நூலாசிரியர்கள் திருமுழுக்கு யோவான், அருளப்பன், கருணையன் ஆகிய மூன்று பெயரையும் ஒரே குறிப்பில் கொடுத்துவிட்டார்கள். திருப்புலிவனத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். கருணையன் என்பவர் யார் என்று தேர்வில் கேட்டால், இரண்டு மதிப்பெண்.